படிக்கட்டில் நின்ற பறை

“தம்பி, அதைக் கீழேயே வைத்துவிட்டு வாயேன். அக்கம்பக்கத்தார் இழவு விழுந்துவிட்டது என்று எண்ணிக்கொள்ளப் போகிறார்கள்.”

லாஸ்பேட்டையில் ஒரு வீட்டின் மாடிப்படியில், சென்ற திங்கள் நம் செவியில் விழுந்த சொற்கள் இவை. சொன்னவர் தீயவரல்லர். கற்றவர், கனிவுடையவர், நம்மைப் போலவே பள்ளி ஆசிரியர், பிறர் துயர் கேட்டால் கண் கலங்குபவர். கேட்ட இளைஞனும் சினந்து சீறவில்லை. தோளில் தொங்கிய பறையை இறக்கிப் படிக்கட்டின் மூலையில் சாய்த்தான். தோலைக் காய்ச்சுவதற்கெனக் கொண்டுவந்த பழைய செய்தித்தாள் கட்டையும் அதனருகே வைத்தான். சிரித்தபடியே மேலே ஏறினான்.

மேலே மொட்டை மாடியில் நடந்தது என்ன? பாராட்டுக் கூட்டம். யாருக்கு? பறையைத் தேவாலயத்தின் உள்ளே அழைத்து வந்து, அதன் அடிக்கேற்பவும் ஆண்டவனை வாழ்த்தலாம் என்று காட்டிய ஓர் இசைவாணருக்கு!

நல்ல வேடிக்கை என்று சிரித்துவிட்டுப் போகலாம். நாமும் அன்றிரவு சிரித்துக்கொண்டுதான் வீடு திரும்பினோம். விளக்கை அணைத்துப் படுத்த பிறகு அந்தச் சிரிப்பு நம்மிடமே திரும்பி வந்து, “படியில் பறை நின்றபோது நீ என்ன சொன்னாய்?” என்று கேட்டது. நாம் ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே இந்தத் திறனாய்வில் குற்றவாளிக் கூண்டில் நமக்கும் ஓர் இடம் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு 1940-இல் பிறந்து 2005-இல் மறைந்தவர். மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராய் இருந்தவர். சீர்திருத்தத் திருச்சபையிலே போதகரை ‘ஐயர்’ என்றழைப்பது நெடுநாளைய வழக்கம். பூணூலைக் கழற்றச் சொல்லி வந்த மதம், பூணூலோடு வந்த மரியாதைச் சொல்லைக் கழற்றி எறியவில்லை! அந்த உலகத்திலே, இந்த இறையியல் ஆசிரியருக்கு வாய்த்த பெயர் ‘பரட்டை அண்ணன்’. வாரி முடிக்காத தலை; உறவு சொல்லி அழைக்கும் குரல். பெயரிலேயே போராட்டம் தொடங்கிவிட்டது.

அவர் செய்ததன் அருமை விளங்க, அவருக்குமுன் அத்திருச்சபையில் என்ன பாடப்பட்டது என்று அறிதல் வேண்டும். பாட்டுப் புத்தகங்கள் இரண்டு. ஒன்று பாமாலை, ஐரோப்பியர் தம் நாட்டில் பாடிய மெட்டுக்குள் தமிழ்ச் சொற்களைத் திணித்து வைத்தது. மற்றொன்று கீர்த்தனை, இராகமும் தாளமும் பல்லவியும் சரணமுமாக, தஞ்சை அரண்மனை இசையின் சாயலில் அமைந்தது. முன்னதிலே கப்பலின் வாடை, பின்னதிலே சந்தனத்தின் வாடை. நாற்று நட்ட பெண்ணின் வியர்வை வாடை இரண்டிலும் இல்லை. ஆனால் வெயிலில் நின்று உழைத்த சேரி மக்களன்றோ பெருந்திரளாக அத்திருச்சபையில் சேர்ந்தவர்கள்? ஞாயிறு தோறும் அவர்கள் வாயசைத்தது பிறர் பாட்டுக்கு.

அப்பாவு மேனாட்டு இசையும் அறிந்தவர், கருநாடக இசையும் அறிந்தவர். அறியாமையால் நாட்டுப்புற இசையிடம் வந்தவரல்லர். அறிந்து, ஆராய்ந்து, வேண்டுமென்றே வந்தவர். அவர் கொண்ட காரணம் நம் போன்றோர்க்கு மிகவும் இனிப்பது. இந்த இசைக்குச் சுரக்குறிப்பு வேண்டா, குருதட்சணை வேண்டா, ஏழைக்கு எட்டாத வாத்தியம் வேண்டா. கேட்டவர் பாடலாம். பாடுபவர் தம் தேவைக்கு ஏற்பச் சொல்லை மாற்றலாம், அடியைக் கூட்டலாம், குறைக்கலாம். எழுதி முத்திரை வைத்த பாட்டு எழுதியவனுக்கே உரிமை. நாட்டுப்புறப் பாட்டோ பாடுபவர் எல்லாருக்கும் உரிமை. இந்தக் கொள்கையின் மேல் அவர் ஒரு முழு வழிபாட்டையே கிராமிய இசையில் அமைத்தார். அரசரடியில் அவரிடம் பயின்று போதகராய்ச் சென்றவர்கள் வழியாகவும், ஒலிநாடாக்கள் வழியாகவும் அப்பாடல்கள் சிற்றூர்களைச் சென்றடைந்தன.

ஒரு சான்று போதும். கிறித்தவர் நாள்தோறும் சொல்லும் மன்றாட்டு, ஆண்டவனைப் பரமண்டலத்தில் இருத்தித் தொடங்குகிறது. அப்பாவு அதனைக் கிராமிய இசையில் அமைத்தபோது ‘பெத்தவரே’ என்று தொடங்கினார். ஒரே சொல்! பரமண்டலம் மறைந்தது, பெற்றவர் வீட்டுக்குள் வந்துவிட்டார். அதுவும் ஆணா பெண்ணா என்று பிரிக்கவொண்ணாத சொல். தாய்க்கும் பொருந்தும், தந்தைக்கும் பொருந்தும். அன்றாட உணவு கேட்கும் இடத்திலே அவர் வைத்த கருத்து இன்னும் கூர்மையானது: ‘ஒரே உலை’. எல்லார் அரிசியும் ஒரே உலையில் வேகவேண்டும், எல்லாரும் அதிலிருந்தே உண்ணவேண்டும். சாதி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அவர் நன்றாகக் கண்டு வைத்திருந்தார். அது ஏட்டிலே மட்டும் இல்லை, அடுப்பிலே இருக்கிறது. நமக்குச் சுயமரியாதை இயக்கம் கற்றுத் தந்த பாடமும் இதுதானே? சேரன்மாதேவி குருகுலத்தில் பிள்ளைகளுக்குத் தனித்தனிப் பந்தி போட்டதை எதிர்த்தன்றோ பெரியாரின் சீற்றம் மூண்டது?

இனி, மாடிக்கு வருவோம்.

அங்கே பேசியவருள் ஒருவர் அவருடைய பக்தியைப் பாராட்டினார். “எத்தனை உறுதியான விசுவாசம்! அந்த விசுவாசமே அவரைப் பாட வைத்தது” என்றார். அடுத்தவர் அவர் வாழ்க்கைப் பணியை ஆண்டு வாரியாக எடுத்துரைத்தார். எத்தனைப் பாடல், எத்தனை மாணவர், எத்தனை மேடை. மூன்றாமவர் நம் பக்கத்து ஆள். “அவருடைய பக்தியை நாம் பொருட்படுத்த வேண்டியதில்லை; அவர் ஒரு மக்கள் கலைஞர், அவ்வளவுதான்” என்று முடித்தார். இடையிடையே பாட்டு. பாட்டுக்குத் தாளம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒரு மின் இசைப்பலகையின் பொத்தானிலிருந்து. பொத்தானை அழுத்தினால் பறையொலி போன்ற ஒன்று கேட்கிறது. தோல் இல்லை, தீ இல்லை, அடிப்பவனும் இல்லை. அக்கம்பக்கத்தார் இழவு என்று எண்ணமாட்டார்கள்!

நம் வழக்கு இம்மூவர் மேலும்தான்.

முதலாமவரைக் கேட்கிறோம். விசுவாசமே அவரைச் சமத்துவம் பாட வைத்தது என்றால், அதே விசுவாசம் பிறரை ஏன் அவ்வாறு செய்யவில்லை? நெடுந்தொலைவு போகவேண்டா, லாஸ்பேட்டையிலிருந்து பேருந்தில் ஏறிச் சற்று நேரத்தில் இறங்கினால் மிஷன் வீதி. அங்கே சம்பா கோயில். இன்றுள்ள கட்டடம் 1791-இல் முடிந்தது. அதற்கு முந்திய கோயிலின் கதையை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலே காணலாம். ஆண்டு 1745, துய்ப்ளே ஆளுநராயிருந்த காலம். கோயிலுக்குள்ளே ஒரு சுவர்! ஒரு பக்கம் சாதிக் கிறித்தவர், மறு பக்கம் பறையர் கிறித்தவர். ஒரே குரு, ஒரே மன்றாட்டு, ஒரே சிலுவை, நடுவிலே சுவர். ஒடுக்கப்பட்டோர் குருவிடம் சென்று முறையிட்டார்கள். விசுவாசிகள் யாவரும் ஒன்றென்றால் இச்சுவர் எதற்கு என்று கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. உடனே சாதிக் கிறித்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். சுவரை வேண்டியவர்களும் விசுவாசிகள், வேண்டாதவர்களும் விசுவாசிகள்! அப்படியானால் சுவரை இடித்தது எது? கேட்ட வாய்! கேட்கத் துணிந்த மானம்!

இன்னொரு சான்றும் உண்டு. அது பாட்டுலகத்தைச் சேர்ந்தது. தஞ்சை வேதநாயக சாத்திரியார் (1774–1864) கீர்த்தனை உலகின் பேரரசர். சுவார்ட்சு பாதிரியாரிடம் பயின்றவர், சரபோசி மன்னரின் இளமைத் தோழர், பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். அவர் புலமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் 1820-களின் இறுதியில், புதிதாய் வந்த பாதிரிமார் திருச்சபையில் சாதி வேற்றுமை கூடாது என்று வற்புறுத்தியபோது, சாதி ஆசாரத்துக்காக எழுதுகோல் எடுத்தவரும் அவரே. அவருடைய முறையீடுகளுள் ஒன்று நமக்கும் உடன்பாடானது: தமிழ்ப் பாட்டை வழிபாட்டிலிருந்து விலக்காதே என்பது. மற்றொன்று, சாதிகளைக் கலக்காதே என்பது. தமிழையும் சாதியையும் ஒரே மூச்சில் காத்த பெருமான்! இன்று அவர் பாடலைப் பாடி உருகுவோர் பலர். இந்தச் செய்தியை அறிந்து பாடுவோர் எத்தனை பேர்? சாத்திரியாருக்கும் அப்பாவுவுக்கும் வேதம் ஒன்று. விளைவு வேறு. ஆகவே வேதத்தின் மேல் பழியும் போடவேண்டா, புகழும் போடவேண்டா. அதை யார் பசியோடு படித்தார், யார் பதவியோடு படித்தார் என்று பாருங்கள்.

பாடகரின் பக்தியைப் பிடித்துக்கொண்டு மகிழும் இந்த மனப்பாங்கு தமிழனுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கப் பாடகர் பாப் டிலன், அப்பாவுவுக்கு ஓராண்டு இளையவர். 1963-இல் வாசிங்டன் பேரணியில் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பாடினார். யூதக் குடியில் பிறந்த அவர், 1979-இல் கிறித்தவப் பாடல்களாலேயே ஓர் இசைத்தட்டை நிரப்பினார். அவ்வாண்டு சான் பிரான்சிசுகோ மேடையில் பழைய பாட்டைப் பாடமாட்டேன் என்று அவர் நின்றபோது கூச்சலிட்டவர் ஒரு சாரார். “நம் ஆள் ஆகிவிட்டார்” என்று பூரித்தவர் மறு சாரார். சில ஆண்டுகளில் அவர் பாட்டு வேறு திசை திரும்பிற்று. 2016-இல் நோபல் பரிசும் வந்தது. இன்றைக்கும் அவர் எதை நம்புகிறார் என்று அடியார்கள் வழக்காடி ஓயவில்லை. ஏன் இந்த ஆவல்? தம் நம்பிக்கைக்குப் புகழ்பெற்ற வாயிலிருந்து ஒரு நற்சான்று வேண்டும். “அவரே நம்பினார், ஆகவே நான் நம்புவது மெய்.” இதைவிடச் சோம்பலான தருக்கம் உண்டோ?

ஆனால் தோழர்களே, நம் பக்கத்துச் சோம்பலையும் பார்க்கவேண்டும். “பறை அடித்தார், ஆகவே நம்மவர்” என்பதும் அதே தருக்கம்தான். மேலங்கி மட்டும் கறுப்பு. மாடியில் பேசிய மூன்றாமவர் அப்பாவுவின் பக்தியைக் கத்தரித்து எறிந்துவிட்டு மிச்சத்தை நமக்குச் சொந்தமாக்கினார். அப்பாவு யாரிடம் பேசிக்கொண்டிருந்தார் என்பது அந்தக் கத்தரிப்பில் காணாமற் போகிறது. திருச்சபை மதிலுக்குள் நின்று, திருச்சபையாரைப் பார்த்து, “உங்கள் உலை ஏன் இரண்டு?” என்று கேட்டவர் அவர். வெளியே நின்று கேட்பது நமக்கு எளிது. நம்மை யாரும் பந்தியிலிருந்து எழுப்ப முடியாது, நாம் அந்தப் பந்தியில் உட்காரவே இல்லை.

அவர் நம்பிக்கையோடு நமக்கு உடன்பாடு இல்லை என்பதை மறைக்கவேண்டுவதில்லை. உலை ஒன்றானால் போதாதா, மேலே ஒரு பெற்றவர் எதற்கு என்று நாம் கேட்போம். ஆண்டவன் பெயரால் கொடுத்த சமத்துவத்தை ஆண்டவனின் ஏவலர் திரும்ப வாங்கிக்கொள்வர் என்பதற்கு வரலாறு நெடுகச் சான்று உண்டு. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் பிணங்களுக்கு நடுவேயும் சாதிச் சுவர் நின்ற செய்தியை இந்த நூற்றாண்டிலும் படித்தோமே! அரசோ, 1950-ஆம் ஆண்டு ஆணையால், மதம் மாறிக் கிறித்தவரான தாழ்த்தப்பட்டோரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது, கிறித்தவருக்குத் திறக்கவில்லை. சட்டம் சொல்கிறது, “நீ கிறித்தவன், உனக்குச் சாதி இல்லை.” கல்லறை சொல்கிறது, “நீ கிறித்தவனானாலும் உனக்குச் சாதி உண்டு.” இந்த இரண்டு கதவுக்கும் நடுவே அகப்பட்ட மக்களுக்காகப் பாடியவரைப் பார்த்து, “முதலில் நாத்திகனாகிவிட்டு வா” என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

இசைத் துறையில் நம் முன்னோர் கணக்கும் சற்றுப் பார்க்கத்தக்கது. தமிழிசை இயக்கம் 1940-களில் எழுந்தபோது, மேடையிலே தெலுங்குக்கும் வடமொழிக்கும் இருந்த ஆதிக்கத்தைத் தமிழ் எதிர்த்தது. நியாயமான போர். ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரம்’ அப்போருக்குப் படைக்கலமாயிற்று. அவர் கிறித்தவர் என்பது அங்கே யாருக்கும் தடையாயில்லை. ஆனால் அம்மேடை ஏறியது தமிழ்ச் சொல், பறை ஏறவில்லை. கலைவாணர் கிந்தனார் காலட்சேபம் நிகழ்த்திக் காலட்சேபத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டே சனாதனத்தைச் சிரிக்க வைத்தார். அது மேல்தட்டுக் கலையைக் கவிழ்த்த வித்தை. கீழ்த்தட்டுக் கலையைத் தலைநிமிர்த்தும் வேலை அப்பொழுது பெரும்பாலும் மிஞ்சியே நின்றது. அந்த மிச்சத்தில் ஒரு பங்கை ஓர் இறையியல் ஆசிரியர் எடுத்துச் செய்தார் என்றால், நமக்குச் சற்று வெட்கம் வரலாம், பொறாமை வரக்கூடாது. அமெரிக்காவிலிருந்து சோயி ஷெரினியன் என்னும் இசை ஆய்வாளர் வந்து, அவரைப் பற்றி ஆராய்ந்து, 2014-இல் ஒரு முழு நூலே வெளியிட்டுவிட்டார்.

பறையைப் பற்றி மட்டும் இன்னும் சில சொல்லவேண்டும். கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை. நாட்டுப்புறக் கலை என்றாலே விடுதலை என்று கைதட்டுவது நகரத்தானின் மயக்கம். பறை ஒருகாலத்தில் கலையாக மட்டும் இருக்கவில்லை, கட்டளையாக இருந்தது. மேல்சாதி வீட்டில் சாவு விழுந்தால் சேரிக்கு ஆள் வரும். போய் அடித்தே தீரவேண்டும். அடித்தவனுக்குக் கூலி என்ற பெயரில் எறியப்படுவது கள்ளும் சோறும். ஆகவேதான் “இனி இழவுப் பறை அடிக்கமாட்டோம்” என்று கருவியையே கைவிட்டு மானம் காத்த ஊர்கள் தமிழகத்தில் உண்டு. அவர்கள் செய்தது தவறா? இல்லவே இல்லை. அப்பாவு போன்றோர் அதே கருவியை எடுத்து, “எங்கே அடிப்பது, எதற்கு அடிப்பது என்பதை இனி அடிப்பவனே முடிவு செய்வான்” என்றார்கள். அதுவும் தவறன்று. முன்னவர் கருவியைத் துறந்து அடிமைத்தனத்தை மறுத்தார்கள். பின்னவர் அடிமைத்தனத்தைத் துறந்து கருவியை வைத்துக்கொண்டார்கள். இவ்விரண்டுக்கும் இடையிலே உள்ள வேதனையை அறியாமல் பறையைப் புகழ்வதும், பொத்தானை அழுத்திப் பறையொலி எழுப்புவதும் ஒன்றே.

மாடிப்படி இளைஞன் அந்த வேதனையை அறிந்தவன். கூட்டம் முடிந்து இறங்கி வருகையில் பேச்சுக் கொடுத்தோம். அவன் பாட்டனார் இழவுக்கு அடிக்க மறுத்து, ஊர்க் கட்டுப்பாட்டுக்கு ஆளாகி, வேலை தேடிப் புதுவைக்கு வந்தவராம். தந்தையார் பறையைத் தொட்டதே இல்லையாம். பேரன் கல்லூரியில் படிக்கும்போது நண்பர்களிடம் கற்றுக்கொண்டானாம். முதல்நாள் வீட்டில் அடித்துக் காட்டியபோது பாட்டனார் எழுந்து வெளியே போய்விட்டாராம். “அப்புறம்?” என்றோம். “அப்புறம் ஒரு நாள் திரும்பி வந்து, ‘தோல் இன்னும் காயணும்டா’ன்னு சொன்னாரு அண்ணே” என்றான்.

பரட்டை அண்ணனின் பாடலொன்றைத் தன் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்திருக்கிறான். சொற்களைப் பாதிக்குமேல் மாற்றிவிட்டதாகத் தயக்கத்தோடு சொன்னான். தண்ணீர்க் குழாய் வராத தெருவைப் பற்றி இரண்டு அடி சேர்த்திருக்கிறானாம். “மாடியில் இருந்தவர்கள் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ?” என்றான். கோபித்துக்கொள்வார்கள்தான். அவர்கள் எழுத்துக் குறையாமல் காப்பாற்றுகிறார்கள். பாடுபவனே மாற்றலாம் என்று சொன்னவரின் பாட்டை, மாற்றக்கூடாத மந்திரமாக்கிவிட்டார்கள்! ஆண்டவன் பெயர் இவன் பாட்டில் எங்கே இருக்கிறது என்று நாம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது நம் பக்கத்து மந்திரமாகியிருக்கும்.

விடைபெறும்போது, ஒவ்வொரு திங்களும் நம் படிப்பு வட்டம் கூடுகிறது, அடுத்த கூட்டத்துக்கு வந்து அடிக்கவேண்டும் என்று அழைத்தோம். பெரியார் படமும் பாவேந்தர் படமும் மாட்டிய கூடம் என்று பெருமையோடு சொன்னோம். அவன் படிக்கட்டிலிருந்து பறையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டான்:

“கூடம் வாடகையா அண்ணே? வீட்டுக்காரர் ஒத்துக்குவாரா?”

கேட்டுச் சொல்கிறோம் என்றோம். இதை எழுதும் நாள்வரை கேட்கவில்லை.